கியர் கார் மறுபடி ஓட்டிப் பழக கம்மி பட்ஜெட்ல எந்த வண்டி வாங்கலாம்? (வேலூர் பக்கம்)

ஓமன்_ரிட்டர்ன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதுறேன், படிச்சிட்டு சொல்லுங்க. நான் நர்ஸ், மஸ்கட்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன், வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில வேலை, வீடு சத்துவாச்சாரி. அங்க ஓட்டினது எல்லாமே ஆட்டோமேட்டிக் தான். நைட் டியூட்டி முடிச்சி தனியா ஹைவேல ஓட்டிட்டு வர்ற அளவுக்கு பழக்கம் இருக்கு, அதனால ரோட்ட பார்த்து பயம் கிடையாது. ஆனா கியர் வண்டின்னா கல்யாணத்துக்கு முன்னாடி டிரைவிங் ஸ்கூல்ல ஓட்டினதோட சரி. லைசென்ஸ் 2009ல எடுத்தது.

இப்ப விஷயம் என்னன்னா அப்பா அம்மா பேரணாம்பட்டு பக்கம் ஊர்ல தனியா இருக்காங்க, அப்பாவோட போலிரோ ஷெட்லயே நிக்குது, அவருக்கு கண்ணு மங்கலா தெரியுதுன்னு ராத்திரில ஓட்ட வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, தம்பி பெங்களூர்ல இருக்கான். ராத்திரில அவசரம்னா அந்த ஊருக்கு வண்டி கூப்பிட்டு வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். நான் அங்க இருக்கிற நாள்லயாவது அந்த போலிரோவ எடுத்து ஓட்டத் தெரியணும், அதுதான் எனக்கு வேணும். நேரா அதுலயே பழகலாம்னு உட்கார்ந்து பார்த்தேன், கிளட்ச் அழுத்தினா தொடை வரைக்கும் இழுக்குது, வண்டி நீளம், அப்பா பக்கத்துல உட்கார்ந்துகிட்டு ஒவ்வொரு தடவ ஆஃப் ஆகும்போதும் பதறுறாரு.

அதனால சின்னதா ஒரு பழைய கியர் கார் வாங்கி டியூட்டிக்கு அதுலயே போய் வந்து பழகிடலாம்னு நினைக்கிறேன். ஒன்றரை லட்சம், ரொம்ப நல்ல வண்டின்னா ரெண்டு வரைக்கும் போவேன். எந்த வண்டி? பார்க்கப் போகும்போது எதை எதை பார்க்கணும்? அப்புறம் லைசென்ஸ் மறுபடி எடுக்கணுமா?

சிப்காட்_ஷிப்ட்

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு கேள்வி. நல்லா ஆட்டோமேட்டிக் ஓட்டுறீங்க, எதுக்கு பின்னாடி போகணும்? ஆல்ட்டோ கே10ல 2014 கடைசிலயே ஏஎம்டி (கியர் தானா மாறுறது) வந்துடுச்சி, கொஞ்சம் பட்ஜெட் ஏத்தினா கிடைக்கும், கிளட்ச்சே இல்ல, கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல கால் நிம்மதியா இருக்கும். நான் தினமும் ராணிப்பேட்டைக்கு போய் வர்றவன், சாயங்காலம் ஷிப்ட் விடுற நேரத்துல முட்டி போயிடுது, அந்த அனுபவத்துல சொல்றேன்.

திருவலம்_பாலம்

தம்பி, அந்தம்மா தெளிவா சொல்லியிருக்காங்களே, அப்பா வீட்டு போலிரோவ ஓட்டணும்னு. ஏஎம்டி வாங்கினா வேலூர்ல நிம்மதியா இருக்கும், பேரணாம்பட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு ஷெட்ட திறந்தா அதே கதைதான். அவங்களுக்கு வேண்டியது கிளட்ச் பழக்கம்.

நான் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன், அப்பறம் கொஞ்ச காலம் டிரைவிங் ஸ்கூல்லயும் சொல்லிக் கொடுத்தேன். அம்மா உங்களுக்கு ஸ்டியரிங், கண்ணாடி பார்க்கிறது, இடைவெளி விடுறது எல்லாம் கைவசம் இருக்கு, அதுதான் கத்துக்க கஷ்டமான பகுதி. மிச்சம் இருக்கறது இடது காலும் இடது கையும். கார் வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல ரிஃப்ரெஷர்னு சொல்லி கொஞ்சம் கிளாஸ் எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு முக்கியமா கேட்டு வாங்கிக்கங்க. ஸ்கூல் வண்டில மாஸ்டர் சீட்டு கீழயும் கிளட்ச் பிரேக் இருக்கும், நிறைய பேர் அவங்க கால வச்சே வண்டிய நகர்த்திடுவாங்க, நீங்க ஓட்டுறதா நினைச்சிட்டு இருப்பீங்க, பெடல் தானா கீழ போறது கால்ல தெரியும். "சார், ஆஃப் ஆனா ஆகட்டும், கால எடுத்துடுங்க"ன்னு சொல்லுங்க. ஆபத்துன்னா பிரேக்க மட்டும் அவர் பிடிக்கட்டும்.

லைசென்ஸ் பத்தி: 2009ல எடுத்ததுன்னா 20 வருஷம் இல்ல 50 வயசு, எது முன்னாடி வருதோ அது வரைக்கும் இருக்கும், கார்டுல தேதிய பாருங்க. நம்ம ஊர் எல்எம்வில (கார் ஓட்டுற லைசென்ஸ்) கியர் கார், ஆட்டோமேட்டிக் கார்னு தனித்தனியா பிரிக்கல, டூ வீலர்ல மட்டும்தான் கியர் உள்ளது இல்லாததுன்னு இருக்கு. தேதி முடிஞ்சி ஒரு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தா மட்டும் மறுபடி டெஸ்ட் கொடுக்கணும்.

பாலாறு_ஃபோர்வீல்

வண்டி விஷயத்துக்கு வர்றேன். பழகுற வண்டின்னாலே எல்லாரும் மாருதி 800ன்னு சொல்லுவாங்க, எனக்கும் அந்த வண்டி மேல பாசம் ஜாஸ்தி, ஆனா உங்களுக்கு அத சொல்ல மாட்டேன். காரணம் இழுவை. மறுபடி பழகுறவங்களுக்கு வண்டி ஆஃப் ஆகிறதுதான் பெரிய தொல்லை, கீழ் ஆர்பிஎம்ல, அதாவது எஞ்சின் மெதுவா சுத்தும்போது, அதுக்கு தெம்பு இருந்தா கால் கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் வண்டி மன்னிச்சிடும். பழைய ஆல்ட்டோ 796 சிசி, டார்க் (இழுவை சக்தி) 62 என்எம். 2012 அக்டோபர்ல வந்த ஆல்ட்டோ 800 அதே 796 சிசி தான், 69. கே10 எஞ்சின் 998 சிசி, 90. ஏறக்குறைய அதே சைஸ் வண்டில இவ்ளோ வித்தியாசம். கத்திரி வெயில்ல ஏசி போட்டு நாலு பேர ஏத்திகிட்டு காட்பாடி ரயில்வே மேம்பாலத்துல நின்னு எடுக்கும்போது 62க்கும் 90க்கும் நடுவுல என்ன இருக்குன்னு நல்லாவே தெரியும்.

அதனால என் முதல் சாய்ஸ் ஆல்ட்டோ கே10, இல்லன்னா அதே எஞ்சின் போட்ட 2010க்கு அப்புறம் வந்த வேகன் ஆர். வேகன் ஆர் உசரமா உட்காரலாம், நாளைக்கு போலிரோ ஓட்டப் போறீங்க, உசரத்துல இருந்து ரோட்ட பார்க்கிற பழக்கமும் வந்துடும். கே10ல டைமிங் செயின், 800லயும் ஆல்ட்டோ 800லயும் பெல்ட், பழைய வண்டில பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு யாரும் ஒழுங்கா சொல்ல மாட்டாங்க.

ரெண்டாவது ஹூண்டாய் ஐ10, 1.1 எஞ்சின், 99 என்எம், கட்டுமானம் நல்லா இருக்கும், கியர் டேஷ்போர்டுலயே இருக்கும், கைக்கு பக்கத்துல. ஆனா உங்க பட்ஜெட்ல வர்றது நல்லா ஓடின வண்டியா இருக்கும்.

பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி வாணாம். பழைய ஆல்ட்டோல எல்எக்ஸ் வரைக்கும் பவர் ஸ்டியரிங் கிடையாது, எல்எக்ஸ்ஐ தான் பார்க்கணும். கிளட்ச்ச யோசிக்கவே மூளை முழுசா போகும் சமயத்துல ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டுறது வேஸ்ட்.

சிப்காட்_ஷிப்ட்

சரிண்ணா, போலிரோ விஷயத்த நான் கவனிக்கல, அப்ப கியர் தான். நானோ எப்படி? விலை ரொம்ப கம்மியா வருது, ஓஎல்எக்ஸ் மாதிரி சைட்ல நிறைய பார்க்கிறேன்.

பாலாறு_ஃபோர்வீல்

நானோ டவுனுக்கு நல்ல வண்டி, உட்கார்ந்தா சுத்தி எல்லாம் தெரியும், சந்துல திருப்பலாம். ஆனா 624 சிசி ரெண்டு சிலிண்டர், எஞ்சின் பின்னாடி இருக்கு, கியர் நாலே நாலு. முன்னாடி எஞ்சின் அதிர்றதும் சத்தம் மாறுறதும் கேட்டுத்தான் கிளட்ச் எங்க புடிக்குதுன்னு நாம கத்துக்கிறோம், அதுல அந்த உணர்வே வேற மாதிரி. 2018ல நிறுத்திட்டாங்க, 2014ல வந்த ட்விஸ்ட்டுக்கு முன்னாடி பவர் ஸ்டியரிங்கும் இல்ல. போலிரோவுக்கு போகணும்னு நினைக்கிறவங்களுக்கு இது தூரமான வழி.

கஸ்பா_மெக்கானிக்

சிஸ்டர் வணக்கம். எல்லாரும் எந்த வண்டி எந்த வண்டின்னு பேசினு கீறாங்க, நான் சொல்றது எந்த வண்டின்றது ரெண்டாவது, கிளட்ச் எப்படி கீதுன்றது தான் மொதல்ல. கிளட்ச் தேஞ்ச வண்டில பழகினீங்கன்னா காலு தப்பா பழகிடும், அப்பால நல்ல வண்டில ஒக்காந்தா குதிக்கும். என் ஷெட்டுக்கு வர்றவங்க பாதி பேரு "எனக்கு ஓட்ட வரல"ன்னு சொல்லிகினு வருவாங்க, வண்டிய எடுத்து பார்த்தா கேபிள் இறுகிப் போயி பெடல் கல்லு மாதிரி கீது, அவங்க மேல தப்பே இல்ல.

வண்டி பார்க்க போறப்ப இத்த செய்ங்க. மொதல்ல சொல்லிடுங்க, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போன ஒடனே பானெட் மேல கை வைங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டாங்கன்னு அர்த்தம், ஏதோ மறைக்கிறாங்க, இல்ல எங்கயாவது போயிட்டு வந்தாங்களான்னு கேளுங்க. காலைல ஜில்லுனு இருக்கிற எஞ்சின் ஒரே செல்ஃப்ல புடிக்கணும். சைலன்சர்ல நீலப் புகை வந்து அது நிக்காம வந்துகினே இருந்தா ஆயில் குடிக்குது, விட்டுட்டு வந்துடுங்க. ஆயில் மூடிய தொறந்து உள்பக்கம் பாருங்க, காப்பில பால் ஊத்தினா மாதிரி வெளுத்து கொழகொழன்னு இருந்தா தண்ணியும் ஆயிலும் கலக்குது.

இப்ப கிளட்ச்சு. வண்டி ஓடினு இருக்கட்டும், ஏசி ஆஃப், சமமான எடம், முன்னாடி ஆளு யாரும் நிக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்துட்டு வலது கால பிரேக் மேல வச்சினு மூணாவது கியர் போடுங்க. ஆக்சிலேட்டர் தொடாம கிளட்ச்ச மெதுவா விடுங்க. நல்ல கிளட்ச்சுன்னா பாதி விடறதுக்குள்ள எஞ்சின் திணறி ஆஃப் ஆயிடணும். ஆஃப் ஆகாம எஞ்சின் பாட்டுக்கு ஓடினே இருந்தா பிளேட் வழுக்குது. ஒரு தடவ செஞ்சா போதும், திரும்பத் திரும்ப செஞ்சி அவங்க வண்டிய நாஸ்தி பண்ண வாணாம். அப்பால ரிவர்ஸ் போட்டு பாருங்க, கிளட்ச்ச முழுசா அழுத்தியும் கர்ருனு பல்லு கடிச்சா கிளட்ச் முழுசா விடல, கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டா இருக்கலாம், பிளேட்டாவும் இருக்கலாம். பெடல அழுத்தும்போது மட்டும் ங்கொய்னு ஒரு சத்தம் வந்து விட்டா நின்னுபோச்சின்னா கிளட்ச் ரிலீஸ் பியரிங் போயிடுச்சின்னு அர்த்தம்.

கடைசியா பெடல் எங்க புடிக்குதுன்னு பாருங்க. தரையில இருந்து ரெண்டு வெரக்கட எழும்பும்போதே புடிச்சா சௌகரியம். கிட்டத்தட்ட முழுசா வெளிய வந்தப்புறம் தான் புடிக்குதுன்னா தேஞ்சிகினு வருது. ஆல்ட்டோ கிளட்ச் கேபிள்ல வேலை செய்யுது, கேபிள் மாத்தறது சின்ன செலவு, ஆனா பிளேட், பிரஷர் பிளேட், பியரிங் மூணும் சேர்த்து செட்டா மாத்தணும்னா கியர் பாக்ஸ எறக்கணும், அந்த காச வெலையில கொறச்சி கேளுங்க. கிளட்ச் செட் மாத்த வேண்டியது தவிர வேற எல்லாம் நல்லா கீற வண்டின்னா தாராளமா வாங்கலாம், நான் அதத்தான் நல்லதுன்னு சொல்லுவேன், புது செட்டுல பழகின மாதிரி இருக்கும்.

ஆரணி_பட்டு

அக்கா, நானும் ரொம்ப நாள் ஸ்கூட்டி மட்டும் ஓட்டிட்டு அப்புறமா கார மறுபடி கத்துகிட்டவ, இப்ப ஆரணி வேலூர் நானே தான் ஓட்டுறேன். உங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, யாரும் சொல்லல. அங்க லெஃப்ட் ஹேண்ட் டிரைவ், இல்லையா? என் வீட்டுக்காரர் சவுதில இருந்து வந்த புதுசுல இண்டிகேட்டர் போடுறேன்னு வைப்பர தான் ஆட்டிட்டு இருந்தாரு, மாருதி ஹூண்டாய்ல இண்டிகேட்டர் குச்சி வலது கைப் பக்கம், வைப்பர் இடது பக்கம், அங்க மாத்தி இருக்கும். ரியர் வியூ கண்ணாடிக்கு அவரு வலது பக்கமே பார்ப்பாரு, ரோட்டுல வண்டி இடது ஓரமா ஒதுங்கி ஒதுங்கி போகும். வண்டில உட்கார்ந்து எஞ்சின் ஆஃப்ல வச்சிட்டே கண்ண மூடி ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு கியர் போட்டுப் பாருங்க, இடது கை தானா போகணும். கியர் குச்சிய இறுக்கிப் பிடிக்காதீங்க, உள்ளங்கைல தள்ளினா போதும், நடுவுக்கு அதுவே வந்துடும்.

பாலிசி_பேப்பர்

பேப்பர் விஷயம் நான் சொல்றேன், தொழிலே அதான்.

1) பிரைவேட் காருக்கு ஆர்சி (ரிஜிஸ்ட்ரேஷன்) 15 வருஷம். அதுக்கு மேல போனா எஃப்சி (ஃபிட்னஸ் செக்) மாதிரி காட்டி ரினியூ பண்ணணும், அஞ்சஞ்சு வருஷமா கொடுப்பாங்க. 2022 ஏப்ரல்ல 15 வருஷம் தாண்டின காருக்கு அந்த ஃபீஸ 5,000 ரூபா ஆக்கினாங்க, கிரீன் டேக்ஸ் தனி, வண்டிய தயார் பண்ற டிங்கரிங், டயர், விளக்கு செலவு தனி. ஒரு லட்சத்துக்கு கீழ சொல்ற வண்டி எல்லாம் பெரும்பாலும் இந்த வாசல்ல நிக்கிற வண்டி தான். குறைஞ்சது நாலஞ்சு வருஷம் ஆர்சி மிச்சம் இருக்கிறத பாருங்க.

2) தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் 2022 ஜூன்ல வந்த ரேட்படி 1000 சிசிக்குள்ள 2,094, அதுக்கு மேல 1500 வரைக்கும் 3,416, வரி தனி. கே10 998 சிசி, சின்ன ஸ்லாப்ல வருது. ஐ10 1086 சிசி, அடுத்த ஸ்லாப். சின்ன தொகை தான், ஆனா வருஷா வருஷம் வரும்.

3) காட்பாடி பக்கம் இருக்கிறவங்க கவனிக்க வேண்டியது. கிறிஸ்டியான்பேட்டை தாண்டினா ஆந்திரா, ஏபி 03 போட்ட சித்தூர் வண்டி நம்ம பக்கம் விலை கம்மியா வரும். வாங்கி ஓட்டலாம்னு புரோக்கர் சொல்லுவார். என்ஓசி (ஆட்சேபணை இல்லன்ற சான்று) வாங்கி நம்ம ஊர்ல டேக்ஸ் கட்டி நம்பர் மாத்தணும், அந்த கணக்க சேர்த்தா மிச்சம் ஒண்ணும் இருக்காது. டிஎன் 23, 73, 83, 25, 97, இதுல எதுவா இருந்தாலும் நம்ம சுத்துவட்டாரம், ஓனர நேர்ல பார்க்கலாம்.

4) எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்ப முடியுது, லோன் பாக்கி இருக்கான்னு பாருங்க. ஹைப்போத்திகேஷன்னு காட்டுச்சின்னா பேங்க் என்ஓசியும் லோன் முடிஞ்சதுக்கான ஃபார்ம் 35ம் கைக்கு வராம காசு கொடுக்காதீங்க. இ-செலான் பாக்கியும் தனியா பாருங்க. ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி உடனே பேர் மாத்திடணும், இன்சூரன்ஸையும் 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும். அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா ஆக்சிடென்ட் ஆகும்போது தான் தெரியும்.

ஓமன்_ரிட்டர்ன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் எனக்கு சொன்னதில்ல. ஆரணி சிஸ்டர் சொன்ன வைப்பர் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, அப்பா வண்டில அதே தான்.

மூணு வண்டி கண்ணுல பட்டிருக்கு. ஒண்ணு மாருதி 800, 2012 மாடல், ஆற்காடு பக்கம், ஏசி இல்ல, விலை ரொம்ப கம்மி. ரெண்டாவது ஐ10, 2011, சென்னைல இருந்து ஒரு டீலர் கொண்டு வந்து வச்சிருக்காரு, பெயின்ட் எல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. மூணாவது ஆல்ட்டோ கே10 எல்எக்ஸ்ஐ, 2014, குடியாத்தத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வண்டி, சிங்கிள் ஓனர், ரெண்டு பக்கமும் கீறல், பம்பர் கொஞ்சம் உடைஞ்சி இருக்கு, விலை நான் சொன்ன பட்ஜெட்டுக்கு மேல்விளிம்புல. வீட்ல எல்லாரும் ஐ10 தான் அழகா இருக்கு அத எடுங்கறாங்க.

பாலாறு_ஃபோர்வீல்

800 2012ஆ? நம்பலாம், 2010க்கு அப்புறம் சென்னை மாதிரி பெரிய ஊர்ல தான் அத விக்கல, நம்ம பக்கம் 2014 ஜனவரில நிறுத்தற வரைக்கும் வந்துச்சி. நல்ல வண்டி, ஆனா ஏசி இல்லாம வேலூர் ஏப்ரல் மே மாசத்துல டியூட்டிக்கு போறதா, வாணாம். கீறல் விழுந்த கே10 தான் என் ஓட்டு. பழகுறப்ப இன்னும் ரெண்டு கீறல் விழும், அதுக்கு மனசு கஷ்டப்படாத வண்டியா இருக்கட்டும்.

கஸ்பா_மெக்கானிக்

அந்த சென்னை ஐ10 தான் எனக்கு இடிக்குது. பெயின்ட் புதுசா கீதுன்னாலே எதுக்கு அடிச்சாங்கன்னு கேக்கணும். 2015 வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னைல தண்ணில நின்ன வண்டிங்க எத்தினியோ வெளியூருக்கு வந்துச்சி. எல்லா வண்டியும் அப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா பாருங்க. சீட் பெல்ட்ட முழுசா கடைசி வரைக்கும் வெளிய இழுங்க, அடில மண் கோடு, கறை இருக்கான்னு பாருங்க, பெல்ட்ட தொவைக்க யாரும் மெனக்கெட மாட்டாங்க. முன் சீட்ட பின்னாடி தள்ளி அடில இருக்கற ரயில், போல்ட்டு துரு புடிச்சி கீதான்னு பாருங்க. ஸ்டெப்னி எடுத்துட்டு அந்த குழில கைய விட்டு தடவுங்க, மூலைல நைசா சேறு காஞ்சி ஒட்டினு இருக்கும். கார்பெட் ஓரத்த தூக்கி மோந்து பாருங்க. சென்ட் வாசனை தூக்கலா வந்தா இன்னும் சந்தேகம்.

கே10 பாக்க போறப்ப டயர்ல நாலு நம்பர் கட்டம் போட்டு இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் (டயர் மேல இருக்கற வரி) நல்லா இருந்தாலும் வருஷம் பழசுன்னா ரப்பர் காஞ்சி வெடிப்பு விட்டு இருக்கும், நம்ம ஊர் வெயில்ல சொல்லவே வாணாம். வாத்தியார் வண்டி கம்மியா ஓடினது தான், ஆனா நின்னுகினே இருந்த வண்டில பேட்டரியும் டயரும் தான் மொதல்ல போவும்.

ஆரணி_பட்டு

எங்க பழகுறதுன்னு யாரும் சொல்லல. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு வேணவே வேணாம் அக்கா, எதிர்ல டூ வீலர் வந்துட்டே இருக்கும். ரத்தினகிரி தாண்டி ரோடு மட்டும் போட்டு வீடு கட்டாம கிடக்கிற பிளாட் லேஅவுட் நிறைய இருக்கு, அங்க இருக்கிறவங்கள கேட்டுட்டு காலைல போங்க. முதல்ல ஆக்சிலேட்டர தொடவே தொடாதீங்க. முதல் கியர், கிளட்ச்ச மட்டும் விட்டு வண்டிய நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்தி, அதையே சலிக்கிற வரைக்கும் பண்ணுங்க. இப்ப வர்ற பெட்ரோல் எஞ்சின் எல்லாம் ஐடில்லயே கொஞ்சம் தாங்கும், சமதளத்துல தாராளமா நகரும். அந்த ஒரு இடம் கால்ல பதிஞ்சிடுச்சின்னா மிச்சம் எல்லாம் தானா வரும். எனக்கு அதுக்கப்புறம் தான் தைரியமே வந்துச்சி.

ஓமன்_ரிட்டர்ன்

அப்டேட். ஐ10ல சீட் பெல்ட்ட இழுத்தேன், பாதிக்கு மேல பழுப்பா ஒரு கோடு, ஸ்டெப்னி குழிய திறந்து காட்டுங்கன்னு கேட்டதும் சாவி இல்லன்னு சொன்னாங்க, கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

குடியாத்தம் கே10 எடுத்தாச்சி. வாத்தியார் சார் ரொம்ப தன்மையான மனுஷன், சர்வீஸ் பில் எல்லாம் ஒரு டைரில ஒட்டி வச்சிருந்தாரு, காலைல ஸ்டார்ட் பண்ணாம எனக்காக காத்திருந்தாரு. மூணாவது கியர் டெஸ்ட்ல எஞ்சின் ஆஃப் ஆகாம ஓடிகிட்டே இருந்துச்சி, அத சொல்லி காட்டினதும் விலைய குறைச்சிகிட்டாரு. கிளட்ச் செட் மாத்தி, முன் டயர் ரெண்டும் பேட்டரியும் மாத்தினேன், எல்லாம் சேர்த்து ரெண்டுக்குள்ளயே முடிஞ்சது. பேர் மாத்த கொடுத்தாச்சி, இன்சூரன்ஸும் மாத்திட்டேன். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்கிட்ட கால எடுங்கன்னு சொன்னதுக்கு முதல்ல முறைச்சாரு, அப்புறம் சிரிச்சிட்டு ஷூவ கழட்டிட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டாரு. லேஅவுட்ல நல்லா வருது. பாகாயம் வரைக்கும் தனியா போயிட்டு வந்தேன்.

இப்ப ஒரே பயம் மேடு. காட்பாடி மேம்பாலத்துல ஏறும்போது முன்னாடி நின்னுட்டா, பின்னாடி பஸ் முட்டிகிட்டு நிக்கும், வண்டி பின்னாடி உருண்டுடுமோன்னு கை வேர்க்குது. ஆட்டோமேட்டிக்ல இந்த கவலையே இல்ல.

திருவலம்_பாலம்

ரொம்ப சந்தோஷம்மா. பஸ் டிரைவர் பக்கத்துல இருந்து சொல்றேன், முன்னாடி சின்ன கார் மேட்டுல நின்னா நாங்க அது கொஞ்சம் பின்னாடி வரும்னு எதிர்பார்த்து தான் நிறுத்துவோம். ஒட்டிகிட்டு நிக்கிறவன் இருந்தா ரெண்டு விநாடி பிரேக் லைட்ட அடிச்சி காட்டுங்க, புரிஞ்சிக்குவான்.

ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கிறத பழகுங்க. நின்னதும் ஹேண்ட் பிரேக்க இழுத்து விட்டுடுங்க, கால் ரெண்டும் ஃப்ரீ. கிளம்பணும்னா முதல் கியர், ஆக்சிலேட்டர் லேசா கொடுத்து ஒரே சத்தமா வச்சிகிட்டு கிளட்ச்ச மெதுவா விடுங்க. ஒரு இடத்துல எஞ்சின் சத்தம் கனமா மாறும், பானெட் முன்பக்கம் ஒரு இம்மி தூக்கும், வண்டி போகணும்னு துடிக்கிறது சீட்ல தெரியும். அங்க காலை அப்படியே வச்சிகிட்டு ஹேண்ட் பிரேக் பட்டன அழுத்தி இறக்குங்க. வண்டி பின்னாடி ஒரு அங்குலம் கூட போகாது. சரிவுல நிக்கிற நேரம் முழுக்க ஹாஃப் கிளட்ச்லயே தாங்கிப் பிடிக்கிற பழக்கம் மட்டும் வேணாம், புது பிளேட்ட ஒரு வருஷத்துல தின்னுடும். மேம்பாலத்துக்கு முதல்ல அதிகாலைல போங்க, ரயில் வர்ற நேரத்த விட்டுட்டு.

ஏலகிரி_14

மேம்பாலம் பழகினதும் எங்க ஊருக்கு வாங்க சிஸ்டர், 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பேரு வச்சிருக்காங்க. சனி ஞாயிறு வேணாம், வார நாள்ல காலைல. ஏறும்போது வளைவுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க, வளைவுக்குள்ள போயி மாத்தாதீங்க. இறங்கும்போதும் அதே ரெண்டாவது கியர், நியூட்ரல் போடவே கூடாது, பிரேக்க விடாம மிதிச்சிட்டே வந்தா சூடாயி பிடிக்காம போயிடும், எஞ்சினே வண்டிய இழுத்து பிடிக்கட்டும். ஏறுற வண்டிக்கு வழி விடணும், இது எங்க ஊர்ல டிரைவருங்க எல்லாரும் பார்க்கிற மரியாதை.

ஓமன்_ரிட்டர்ன்

கண்டிப்பா வர்றேன். கடைசியா ஒண்ணு. அடுத்த லீவுக்கு ஊருக்கு போறேன், போலிரோவ எடுக்கணும். அதுக்கும் இதுக்கும் கால்ல என்ன மாறும்?

கஸ்பா_மெக்கானிக்

மொதல்ல ஷெட்ல நின்ன வண்டிய ஓட்டறதுக்கு முன்னாடி பேட்டரி, டயர் காத்து, கூலன்ட், ஆயில் பாத்துக்கோங்க சிஸ்டர், எலி ஒயர கடிச்சி வச்சி கீதான்னும் பாருங்க. சாவிய பாதி திருப்பினா டேஷ்ல சுருள் மாதிரி ஒரு ஹீட்டர் லைட் வரும், அது அணைஞ்சப்பறம் செல்ஃப் அடிங்க. கிளட்ச் ஹைட்ராலிக் (கேபிள் இல்ல, ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுது), பெடல் நீளமா போவும், சீட்ட முன்னாடி இழுத்துக்கங்க, முழுசா அழுத்தியும் முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கணும், தொடை வலிக்குதுன்னு மொதல்ல சொன்னீங்களே, அப்பா சீட் எடத்துலயே ஒக்காந்ததால கூட இருக்கும். டீசலு, கீழ்ல இழுவை ஜாஸ்தி, முதல் கியர்ல ஆக்சிலேட்டர் தொடாம கிளட்ச்ச விட்டாலே தூக்கினு போவும், ஆஃப் ஆவறது ரொம்ப கம்மி. அதனால கே10ல பழகின காலு அதுல ஈசியா ஓட்டும். ஆனா முதல் கியர் சீக்கிரம் முடிஞ்சிடும், நகந்த ஒடனே ரெண்டாவது போட்டுடுங்க. பின் வீல் இழுக்கற வண்டி, மழைல களத்து மேட்டுல சேத்துல திடீர்னு ஆக்சிலேட்டர் கொடுத்தா பின்னாடி வீசும், மெதுவா. நிறுத்தறப்ப டர்போ வண்டின்றதால ஒரு அரை நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க. மொத நாளு பகல்ல ஊருக்குள்ளயே ஓட்டுங்க, அப்பால ஒரு நாள் ராத்திரி பேரணாம்பட்டு வரைக்கும் போயிட்டு வாங்க, அப்பா பக்கத்துல ஒக்காரட்டும், ரோடு அவருக்கு மனப்பாடமா தெரியும்ல.